கதிர்ப்பட வண்டிகளும் மேரி கியூரி அம்மையாரும்

மேரி கியூரி அம்மையாரை நாம் எல்லோரும் விஞ்ஞானப் புத்தகத்தில் சந்தித்திருக்கிறோம். இரண்டு நோபல் பரிசுகள், பொலோனியம், ரேடியம் என்று அந்தப் பக்கம் முடிந்துவிடும். நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி சங்கத்தினர் கேட்டபோது எனக்கு நினைவில் வந்தவர் அந்தப் பக்கத்தில் இல்லாத மேரி. நோயாளியின் பரிசோதனைக்காக வீடு வீடாகப் போய் உதவி கேட்டவர்.

1867 நவம்பர் 7ஆம் திகதி வார்சோவில் பிறந்தார். போலந்தின் அந்தப் பகுதி அப்போது ரஷ்யரின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்த ஆசிரியர். தாயார் ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தவர்; சயரோகத்தால் இறந்தபோது மேரிக்குப் பத்து வயது. வார்சோப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. அக்கா புரோனியாவுக்கும் தங்கைக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. தங்கை பணக்கார வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து உழைக்க, அந்தக் காசில் அக்கா பாரிஸில் வைத்தியம் படிப்பது. பிறகு அக்கா தங்கையைக் கூப்பிடுவது. 1891இல் மேரி பாரிஸ் போய்ச் சேர்ந்தார். 1893இல் பௌதிகவியலில் முதலாவதாகத் தேறினார். கணிதப் பட்டத்துக்குப் படிக்கக் கையில் காசில்லாத வேளையில் 600 ரூபிள் புலமைப்பரிசில் ஒன்று கிடைத்தது. பின்னாளில் தாம் முதன்முதலாக உழைத்த பணத்திலிருந்து அந்தத் தொகையை மீதமின்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படி எவரும் கேட்கவில்லை. இன்னொரு பிள்ளைக்கு அது உதவட்டும் என்பது அவர் எண்ணம். நமது சங்கத்தின் உதவியில் படித்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

1895இல் பியேரைத் திருமணம் செய்ததும், 1898இல் இரு மூலகங்களைக் கண்டறிந்ததும், 1906இல் பியேர் வீதி விபத்தில் இறந்ததும் நீங்கள் அறிந்தவையே. ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு இருவரும் காப்புரிமை பெறவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

1914இல் யுத்தம் வந்தது. எக்ஸ்றே கண்டுபிடிக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தும், கருவிகள் பெரும்பாலும் பெருநகர வைத்தியசாலைகளிலேயே இருந்தன. போர்முனைக்கு அருகே சத்திரசிகிச்சை நிபுணர்கள் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சதையைத் துழாவினார்கள். அப்படித் துழாவுவது என்ன என்பதை யுத்தகாலத்தில் இந்நாட்டில் வைத்தியம் கற்ற எங்கள் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. காயப்பட்டவனை எக்ஸ்றேயிடம் கொண்டுபோக முடியாவிட்டால் எக்ஸ்றேயைக் காயப்பட்டவனிடம் கொண்டுபோவது என்று மேரி முடிவு செய்தார். இராணுவத்திடம் இதற்கான ஏற்பாடு இருக்கவில்லை. முதல் வண்டிக்குப் பிரான்ஸ் மாதர் சங்கம் பணம் கொடுத்தது. பிறகு சீமாட்டிகளிடம் போய் மோட்டார் வண்டி கேட்டார். யுத்தம் முடிந்ததும் ஓடக்கூடிய நிலையில் இருந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினார்.

வண்டியின் எஞ்சினே மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். கம்பியை உள்ளே இழுத்து, யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, காயப்பட்டவரை மேசையில் கிடத்தினால் திரையில் குண்டின் நிழல் தெரியும். மேரி உடற்கூற்றியல் படித்தார், வண்டி ஓட்டப் பழகினார், சக்கரம் மாற்றினார். பதினேழு வயது மகள் ஐரீனையும் கூடவே கூட்டிச் சென்றார். ஏறத்தாழ இருபது வண்டிகளும் இருநூறு நிலையான எக்ஸ்றே அறைகளும் அவர் முயற்சியால் அமைந்தன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் பரிசோதிக்கப்பட்டனர். வண்டி கிடைத்தாலும் அதை இயக்க ஆள் வேண்டுமே! சுமார் 150 பெண்களுக்கு அவரே பயிற்சி கொடுத்தார். நன்கொடையாக வந்த கருவி இயக்க ஆளில்லாமல் தூசி படிந்து கிடப்பதைப் பல இடங்களில் கண்டவள் என்பதால், இந்தக் கடைசி வேலையே எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

பாதுகாப்பு ஏற்பாடுகள் அப்போது அற்பமானவை. 1934 ஜூலை 4ஆம் திகதி அவர் எலும்புமச்சை செயலிழந்த இரத்தசோகையால் இறந்தார். ரேடியத்தோடு அந்த எக்ஸ்றே வேலைக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

நம் நாட்டில் வைத்தியம் இலவசம். ஆனால் ஆஸ்பத்திரியில் கருவி பழுதானாலோ, ஸ்கானுக்கு மாதக்கணக்கில் தவணை தந்தாலோ, வெளியே எடுத்துக்கொண்டு வாருங்கோ என்று நாங்கள் துண்டு எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் துண்டோடு போன அம்மா திரும்பி வராமல் விடுவதும் உண்டு. மருந்துக்கு உதவி கேட்டால் யாரும் தருவார்கள். என்ன நோய் என்று பார்க்கும் செலவுக்குத் தர மனம் வருவது குறைவு. மேரி கேட்டது அந்தச் செலவுக்குத்தான்.

யுத்தத்தின் பின் அமெரிக்கப் பெண்கள் ஒரு இலட்சம் டொலர் சேர்த்து, அவருக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்கினார்கள். 1921 மே 20ஆம் திகதி ஜனாதிபதி ஹார்டிங் கையளிப்பதாக ஏற்பாடு. முதல்நாள் மாலை நன்கொடைப் பத்திரத்தை வாசித்த மேரி அதை மாற்றும்படி கேட்டார். தன் பெயரில் இருந்தால், தான் இறந்தபின் அது மகள்மாரின் சொந்தச் சொத்தாகிவிடும். ஆய்வுகூடத்துக்கே எழுதப்பட வேண்டும் என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு அவர் இணங்கவில்லை. அன்றிரவே ஒரு சட்டத்தரணியைத் தேடிப் பிடித்து எழுதி முடித்தார்கள்.

1929இல் இரண்டாம் முறை அமெரிக்கா போய், அங்கே சேர்ந்த பணத்தை வார்சோவின் ரேடிய நிலையத்துக்காகப் பெற்றுவந்தார். 1932இல் அந்த நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் டொக்டர் புரோனியா, தங்கையின் உழைப்பில் வைத்தியம் படித்த அதே அக்கா.