இல்லாத நாற்றம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

அமெரிக்க இசைமேதை ஜார்ஜ் கெர்ஷ்வின் 1898-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், உருசியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அண்ணன் ஐராவுக்கென்று வாங்கிய பியானோ தம்பியின் கைக்குப் போயிற்று. பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். இசைத்தாள் விற்கும் நிறுவனத்தில் பாட்டு வாசித்துக் காட்டும் வேலை கிடைத்தது. 1924-இல் 'ராப்சடி இன் புளூ', 1935-இல் 'போர்கி அண்ட் பெஸ்' ஆகியவை அவர் புகழை நிலைநாட்டின. இசையைப் பற்றி எழுத அறிந்தோர் பலர் உளர். விலங்கியல் மாணவனாகிய நான் எழுத வந்தது அவருடைய கடைசி ஐந்து மாதங்களைப் பற்றியே.

1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில் தம் சொந்தப் படைப்பை வாசித்துக்கொண்டிருந்தவர் சில நொடிகள் தடுமாறினார். அந்நேரம் ரப்பர் எரியும் நாற்றம் வீசியதாகப் பின்னர் கூறினார். அரங்கில் எதுவும் எரியவில்லை! மூளையின் பொட்டுமடலில் மணம் உணரும் பகுதி தூண்டப்பட்டால் இல்லாத நாற்றம் வீசும். அதுவும் ஒருவகை வலிப்பே. கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைத் தேடுகிற நமக்கு இது வியப்பாயிருக்கலாம்.

பிறகு தலைவலியும் தலைசுற்றலும் வந்தன. ஜூன் மாதம் மருத்துவமனையில் சேர்த்துச் சோதித்தார்கள். முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீர் எடுக்க அவர் இசையவில்லை. மனக்கோளாறாக இருக்கலாம் என்றெழுதிச் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்ணும்போது முள்கரண்டி நழுவியது, தண்ணீர் சிந்தியது. பரிசாக வந்த சாக்லேட்டைப் பிசைந்து உடம்பில் பூசிக்கொண்டார். சுற்றியிருந்தோரில் சிலர் முகம் சுளித்தனர். மருத்துவர்களை முழுவதும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மூளையைப் படம்பிடிக்கும் சி.டி. கருவி முதல் நோயாளியைக் கண்டதே 1971-இல்தான். ஆனால் கண்ணெதிரே ஒருவருடைய கை தவறுவதைக் காணக் கருவி வேண்டுமா?

ஜூலை 9-ஆம் நாள் நினைவிழந்தார். அறுவை வல்லுநர் வால்டர் டேண்டி செசபீக் விரிகுடாவில் படகில் இருந்தார். அவரைத் தேடிப்பிடித்து நியூவார்க் விமான நிலையம்வரை கொண்டுவந்தார்கள். அதற்குள் நிலைமை முற்றவே, மேற்குக் கரையிலிருந்த மருத்துவர்களே அறுவையைத் தொடங்கிவிட்டனர். வலது பொட்டுமடலில் பெரிய கட்டி இருந்தது. ஜூலை 11 காலையில் கெர்ஷ்வின் உயிர் பிரிந்தது. வயது 38.

அக்கட்டியைக் கிளையோபிளாஸ்டோமா என்று குறித்தனர். அறுவை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் இருக்கும் இன்றும் அந்நோயுற்றோரில் பெரும்பாலோர் இரண்டாண்டுகளைக் கடப்பதில்லை. பிப்ரவரியிலேயே கண்டிருந்தாலும் அவர் நெடுநாள் வாழ்ந்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. அந்த ஐந்து மாதங்களும் அவரை நோயாளியாகவாவது நடத்தியிருப்பார்கள்.