41 வயதில் மீண்டும் மாணவரான பேராசிரியர் காஜி மோதஹர் ஹுசைன்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் நாட்களில், புள்ளியியல் என்றொரு படிப்பு இருப்பதே நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நினைவில் வருவதில்லை. வங்காள முஸ்லிம் சமுதாயத்தில் அந்தப் படிப்புக்கு ஓர் இருப்பிடம் அமைத்துத் தந்த மர்ஹூம் காஜி மோதஹர் ஹுசைன் அவர்களை இந்த வாரம் நினைவுகூர்கிறோம்.

1897-ல் இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா பகுதியில் பிறந்தவர். படித்தது இயற்பியல். 1921-ல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்கியபோது, எம்.ஏ. மாணவராக இருக்கும்போதே அங்கு செய்முறை விளக்குநராகச் சேர்ந்துவிட்டார். கைநிறைய வேலை, நல்ல பெயர், கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் நெருங்கிய நட்பு, சதுரங்கத்தில் முன்னணி இடம் என்று வாழ்க்கை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. முஸ்லிம் சாகித்ய சமாஜ் என்ற இலக்கிய அமைப்பிலும் முன்நின்றார். சமுதாயம் கல்வியிலும் சிந்தனையிலும் விழித்தெழ வேண்டும் என்று எழுதிய அந்த இளைஞர்களுக்குக் கண்டனங்களும் குறைவில்லாமல் வந்தன.

அதே பல்கலைக்கழகத்தில் இருந்த விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ், புள்ளியியல் படிக்குமாறு அவரைத் தூண்டினார். மோதஹர் ஹுசைன் கல்கத்தா சென்று, மஹலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் மாணவராக அமர்ந்தார். 1938-ல் டிப்ளமா பெற்றபோது வயது 41. பதினேழு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர், தம்மைவிட இளையவர்களோடு சேர்ந்து நிகழ்தகவின் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எளிதா என்ன? நம்மில் பலர் நாற்பதில் கணினி கற்கவே கூச்சப்படுகிறோம்.

அவர் ஆழ்ந்து இறங்கியது பரிசோதனை வடிவமைப்பில். 16 வகை விதைகள் இருக்கின்றன. ஒரு வயலில் 6 வகைகளை மட்டுமே விதைக்க முடியும். வயல்களும் 16 தான். எந்த இரண்டு வகைகளை எடுத்தாலும், அவை ஒரே வயலில் சேர்ந்து வருவது சரியாக இரண்டு முறையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். இதை எத்தனை விதமாக அமைக்கலாம்? அடிப்படையில் வேறுபட்ட வழிகள் மூன்றே மூன்று என்று 1945-ல் அவர் காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பேனாவும் தாளுமாகச் செய்த வேலை இது. அதற்காக அவர் கையாண்ட முறைக்கு 'ஹுசைன் சங்கிலி' என்றே பெயர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வை மதிப்பிட்டவர்களில் ஒருவர், நவீன புள்ளியியலுக்கு அடித்தளமிட்ட ரொனால்ட் ஃபிஷர்.

1947 பிரிவினையில் டாக்காவின் இந்து ஆசிரியர்கள் பலர் வெளியேறியதால் வகுப்பறைகள் வெறிச்சோடின. புள்ளியியலுக்கு அங்கே தனித்துறை உருவாக முன்நின்றவர் மோதஹர் ஹுசைன்தான். 1964-ல் புள்ளியியல் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான கழகத்தை நிறுவி அதன் முதல் இயக்குநரானார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாகிஸ்தான் பிறந்த சில வாரங்களிலேயே, 1947 செப்டம்பரில், வங்காள மொழியின் உரிமைக்காக வெளிவந்த சிறு நூலில் அவருடைய கட்டுரையும் இருந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதியது அது. மொழிப் பற்றைக் கட்டுரையோடு நிறுத்திவிடவும் இல்லை. வயது எழுபதைத் தாண்டிய பிறகு, 'தத்ய கணித்' என்ற பெயரில் புள்ளியியல் பாடநூலை வங்காளத்திலேயே எழுதினார். கணிதத்தின் வரலாற்றையும் ஒளியியலையும் பற்றித் தனித்தனி நூல்கள் பின்தொடர்ந்தன. உயர் கணிதம் தாய்மொழியில் நடக்காது என்பவர்களிடம் வாதாடுவதைவிடப் புத்தகம் எழுதிக் கையில் கொடுப்பது மேல் என்று நினைத்தாரோ என்னவோ.

வீட்டிலும் கல்வியும் கலையும் செழித்தன. மகள் சன்ஜிதா காத்தூன் இசையிலும், மகன் காஜி அன்வர் ஹுசைன் துப்பறியும் நாவல்களிலும் நாடறிந்த பெயர்கள். 1975-ல் தேசியப் பேராசிரியர் என்ற மதிப்பு மோதஹர் ஹுசைனைத் தேடிவந்தது. 1981 அக்டோபர் 9 அன்று, 84-ஆம் வயதில் வஃபாத்தானார். டாக்கா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.