அடிக்காமலே நாயைப் பழக்கலாம்... வழி சொன்ன ஸ்கின்னர் யார்?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகள் அடுக்கியிருக்கும் வீட்டில் நாய் வளர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரே துள்ளலில் மொத்தமும் காலி! உடனே கை ஓங்கத்தான் தோணும். ஆனால் அடி வாங்கும் நாய் பயப்படத்தான் கத்துக்கும். அடுத்து என்ன செய்யணும்னு அதுக்குப் புரியாது.

தண்டனை ஒரு செயலைத் தற்காலிகமாக மட்டுமே அடக்கும் என்று வாதிட்டவர் உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர். 1904-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தார். எழுத்தாளர் ஆகணும் என்பதுதான் கனவு. அது கைகூடாமல் உளவியல் பக்கம் வந்து, 1931-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

எலியை ஒரு பெட்டிக்குள் விட்டார். நெம்புகோலை அழுத்தினால் உணவு வரும். பலன் தந்த செயலை எலி மறுபடி மறுபடி செய்தது.

இரண்டாம் உலகப் போரில் குண்டுகளை இலக்குக்குச் செலுத்தப் புறாக்களைப் பழக்கினார். 1944-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதில் வேலை பார்த்த மாணவர்கள், பிரேலாண்ட் தம்பதி, விலங்குப் பயிற்சியையே தொழிலாக்கினர்.

1951-ல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், வீட்டிலேயே விலங்குகளைப் பழக்கும் முறையை ஸ்கின்னர் எழுதினார். நாய் உட்கார்ந்த நொடியே ‘டிக்’ சத்தம், உடனே ஒரு துண்டு தீனி. தாமதித்தால் எதுக்குப் பரிசுன்னு அதுக்குத் தெரியாது. முதல் நாளே முழுசா எதிர்பார்க்காமல், சின்னச் சின்ன முன்னேற்றத்துக்கும் பரிசு தரணும்.

மனிதர்களையும் இதே கணக்கில் பார்க்கிறார் என்ற விமர்சனம் கடைசிவரை அவரை விடவில்லை. 1990 ஆகஸ்ட் 18-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். இன்று நாய்ப் பயிற்சியாளர்கள் கையில் இருக்கும் ‘கிளிக்கர்’ கருவிக்குப் பின்னால் இருப்பது அவருடைய யோசனைதான்.