மாமல்லனும் வாதாபியும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் சென்றடைவது மாமல்லபுரக் கடற்கரை. அவ்வூர் தன் பெயரால் நினைவுகூரும் முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கி.பி. 630 அளவில் தந்தை மகேந்திரவர்மனுக்குப் பின் அரியணை ஏறிய மாமல்லன், அரசுடன் தீராப் பகையையும் பெற்றான். முன்னரே காஞ்சியை அச்சுறுத்திய சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி மீண்டும் படையெடுத்தான். பரியளம், சூரமாரம், பழைய செங்கற்பட்டு மாவட்டத்து மணிமங்கலம் ஆகிய களங்களில் அவனை மாமல்லன் வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகின்றது. நம் ஊர்ப்புறங்களே அன்று போர்க்களங்களாயின.

போர் அத்துடன் ஓயவில்லை. கி.பி. 642இல் பல்லவப் படை சாளுக்கியரின் தலைநகராகிய வாதாபியுள் புகுந்தது. படைத்தலைவர் பரஞ்சோதியார் அந்நகரைத் தகர்த்து, மணியும் நிதியும் களிறும் பரியும் கவர்ந்து வந்ததைப் பெரியபுராணம் உரைக்கின்றது. மாமல்லன் ‘வாதாபி கொண்டான்’ எனப் புகழ்பெற்றான். அவன் வெற்றியைக் கூறும் கல்வெட்டு, சிதைந்த நிலையில், இன்றும் பாதாமிப் பாறையில் உள்ளது. ஆயின், யானைப்படை புகுந்த வீதிகளில் வாழ்ந்த தாயரும் சேயரும் எந்நிலை எய்தினர் என்பதை வெற்றி பேசும் சாசனங்கள் கூறவில்லை. வென்ற பரஞ்சோதியாரோ வாளைத் துறந்து சிறுத்தொண்டராய் அடியார் பணியில் அமைந்தார்.

இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு அடைக்கலம் தந்து, கடற்படை உதவி அளித்து, அவன் அரசுரிமை பெறச் செய்தவனும் மாமல்லனே. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தேர்களுள் பலவற்றை அவன் காலத்தன என ஆய்வாளர் பலர் கருதுவர்.

வாதாபி வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. கி.பி. 655 அளவில் புலிகேசியின் மைந்தன் முதலாம் விக்கிரமாதித்தன் நாட்டை மீட்டான். பின்னர்க் காஞ்சியையும் கைப்பற்றினான். எட்டாம் நூற்றாண்டில் அவன் வழிவந்த இரண்டாம் விக்கிரமாதித்தனும் காஞ்சியுள் வெற்றியுடன் புகுந்தான். பழிதீர்க்க ஏற்ற தருணம் அது. எனினும் அவன் நகரை அழிக்கவில்லை. கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே மீள அளித்தான். அக்கோயில் தூணில் அவன் பொறித்த கன்னடக் கல்வெட்டு அதற்குச் சான்று.

இரு நகரங்கள், இரு வெற்றிகள். பகைவன் ஊரைக் கொள்வது வீரம்; கொண்ட ஊரைக் காப்பது அறம். மாமல்லன் தகர்த்த நகரின் பெருமையைவிட, அவன் பெயர் தாங்கும் கடற்கரைக் கற்களின் பெருமையே இன்றும் உலகை ஈர்க்கின்றது. மாணவச் செல்வங்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!