நடை மீட்டளித்த நல்லார் அம்ப்ருவாஸ் பாரே

ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்குரிய கடமையாக நம் ஆச்சாரியர்கள் வகுத்துள்ளனர். நம் சமயம் அறியாத நாட்டில் பிறந்தும், இவற்றுள் பின்னைய மூன்றனையும் தம் தொழிலாலேயே நல்கிய ஒருவரின் வரலாற்றை இவண் காண்போம்.

அம்ப்ருவாஸ் பாரே, பிரான்சு நாட்டின் லவால் நகரருகே 1510ஆம் ஆண்டளவில் எளிய குடும்பத்தில் தோன்றினார். பல்கலைக்கழகம் புகாமல், அந்நாளில் நாவிதத் தொழிலோடு இணைந்திருந்த அறுவை வைத்தியத்தைக் கற்றுப் படை மருத்துவரானார்.

துப்பாக்கிக் குண்டு பட்ட புண்ணில் நஞ்சு உண்டெனக் கருதி, கொதிக்கும் எண்ணெயை வார்ப்பது அக்கால வழக்கம். 1537இல் இத்தாலியப் போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோகவே, எஞ்சியோர்க்கு ரோஜா எண்ணெய் முதலியன சேர்ந்த களிம்பை இட்டார். அவர்கள் உயிர் தரிப்பரோ என்னும் கவலையால் அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியலில் சென்று கண்டபோது, களிம்பு பெற்றோர் நோவு தணிந்திருந்தனர். எண்ணெய் பெற்றோரோ காய்ச்சலாலும் வீக்கத்தாலும் துடித்தனர். அக்கொடுமையை அன்றே கைவிடத் துணிந்தார்.

காலைத் துண்டித்தபின் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதும் அன்றைய முறை. 1552இல் தாம்வில்லேர் முற்றுகையின்போது, பீரங்கிக் குண்டால் கால் சிதைந்த ஒருவர்க்குச் சூடிடாது, குருதிக் குழாய்களை நூலால் கட்டினார். பிழைத்த அவர் மரக்காலுடன் மகிழ்ந்து ஊர் திரும்பினார். அச்சம் நீக்குதல் அபயதானமாயின், இது அபயதானமே அன்றோ!

உயிர் காத்ததோடு தம் கடமை முடிந்ததெனப் பாரே கருதவில்லை. முழங்கால் மடங்கும் செயற்கைக் கால், வில்லும் பற்சக்கரமும் கொண்டு விரல் அசையும் இரும்புக் கை ஆகியவற்றைக் கம்மியர் துணையுடன் வகுத்துத் தம் நூல்களில் படத்துடன் விளக்கினார். பொருளற்ற ஏழைக்கென எளிய மரக்கால் ஒன்றையும் அவற்றுள் சேர்த்தார். லத்தீன் அறியாத எளிய வைத்தியரும் கற்குமாறு, கற்றோரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது தாய்மொழியிலேயே எழுதினார். மன்னர் நால்வர்க்கு மருத்துவராய் விளங்கி 1590இல் மறைந்தார்.

பகவான் மகாவீரரின் திருப்பெயரால் 1975இல் ஜெய்ப்பூரில் தோன்றிய விகலாங்க சகாயதா சமிதி, கட்டணமின்றிச் செயற்கைக் கால் வழங்குவதை நாம் அறிவோம். ஏழையின் மரக்காலையும் மறவாத பாரேயின் நெஞ்சமே அங்கும் காணப்பெறுகிறது.

துண்டித்த கால் மீண்டும் வளராது; ஆயினும் நடை மீளும், உழைப்பு மீளும், மானம் மீளும். நம் இல்லத்து விழாக்களிலும் முன்னோர் நினைவு நாட்களிலும், கால் இழந்தோர் ஒருவரேனும் எழுந்து நடக்க உதவுவோமாக.

அறம் வளர்க!