எமில் வோடர்

எமில் வோடர் (1896 – 1986) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த உடலியக்க சிகிச்சையாளர் ஆவார். நிணநீர் வடிகால் மசாஜ் என இன்று உலகெங்கும் அறியப்படும் கைவழிச் சிகிச்சை முறையை 1930களில் தன் மனைவி எஸ்ட்ரிட் வோடருடன் இணைந்து உருவாக்கியவர் இவரே. முனைவர் வோடர் எனப் பரவலாக அழைக்கப்பட்டாலும் இவர் மருத்துவர் அல்லர். இவரது முறை மருத்துவ உலகில் ஏற்கப்படுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இளமைக் காலம்

வோடர் கோப்பன்ஹேகன் நகரில் பிறந்தார். மொழிகள், இயற்கை அறிவியல், கலை எனப் பல துறைகளில் நாட்டம் கொண்டிருந்தார். மருத்துவக் கல்வியைத் தொடங்கிய இவர், மலேரியாக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு அதனை முடிக்காமலேயே விட நேர்ந்தது. பின்னர் 1928இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பிரிவில் முனைவர் பட்டம் பெற்றார். இவரது மனைவி எஸ்ட்ரிட் இயற்கை மருத்துவம் பயின்றவர்.

நிணநீர் நாளங்கள் பற்றிய முதல் விரிவான விளக்கங்களுள் ஒன்றை 1653இல் வெளியிட்டு அவற்றுக்குப் பெயரும் இட்ட தோமஸ் பார்த்தலின் இதே கோப்பன்ஹேகனைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. சுவீடனின் ஓலோஃப் ருட்பெக்கும் அதே காலத்தில் அந்நாளங்களைத் தனியே கண்டறிந்திருந்தார். எனினும் அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் குருதி ஓட்டத்துக்குக் கிடைத்த கவனம் நிணநீருக்குக் கிடைக்கவில்லை. நிணநீர் நிறமற்றது, அதன் நாளங்கள் மிக மெல்லியவை. பிணத்தை அறுத்துப் பார்க்கும்போது அவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

கான் நகரில்

1932 முதல் 1936 வரை வோடர் இணையர் பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில் சிகிச்சையாளர்களாகப் பணியாற்றினர். குளிரும் ஈரமும் மிகுந்த இங்கிலாந்திலிருந்து உடல் தேறுவதற்காக அக்கடற்கரைக்குப் பலர் வந்து தங்குவது அக்கால வழக்கம். அவர்களுள் பலருக்குத் தீராத சளியும் மூக்குப் பக்கக் குழிகளில் அழற்சியும் இருந்தன. அவர்களின் கழுத்தைத் தொட்டுப் பார்த்த வோடர், அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கித் தடித்திருப்பதைக் கவனித்தார். நீர் வடிந்து செல்லும் வழி கழுத்தில் தடைப்படுவதே முகத்தில் தேக்கம் ஏற்படக் காரணமாக இருக்கலாம் என்று எண்ணினார்.

வீங்கிய நிணநீர்க் கணுவைத் தொட்டு அழுத்தக்கூடாது என்பது அக்கால மருத்துவத்தின் விதி. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது. கணுவில் அடைபட்டிருக்கும் தொற்று உடலெங்கும் பரவினால் நோயாளியைக் காப்பாற்றும் வழி அரிது. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் இவ்விதியை மீறுவது தொழிலையே இழக்கச் செய்யக்கூடிய துணிவு. வோடர் மிக மெல்லிய, வட்டமான நீவலைக் கழுத்தில் செய்து பார்த்தார். நோயாளிகள் நலமடைந்தது கண்டு அம்முறையை உடலின் பிற பகுதிகளுக்கும் விரித்தார்.

அலெக்சிஸ் கரேலின் ஆய்வும் இவரைக் கவர்ந்தது. கோழியின் இதயத் திசுவைச் சுற்றியுள்ள நீர்மத்தை இடைவிடாது மாற்றிவந்தால் அது சாகாமல் வாழும் என்று கரேல் அறிவித்திருந்தார். உயிரணுவின் நலம் அதைச் சூழ்ந்துள்ள நீரின் தூய்மையில் இருக்கிறது என்னும் எண்ணம் வோடருக்கு இதிலிருந்து வலுப்பெற்றது. உயிரணுக்கள் எல்லையின்றிப் பிரிவதில்லை என்பதை 1961இல் ஹேஃப்ளிக் நிறுவியபோது கரேலின் முடிவு பிழையெனத் தெளிவானது. ஒரு பயனுள்ள முறைக்குப் பிழையான ஆய்வொன்றும் தூண்டுதலாக இருந்திருக்கிறது.

முறையின் அடிப்படை

குருதி நுண்குழாய்களிலிருந்து கசியும் நீரில் பெரும்பகுதி மீண்டும் குருதிக்குத் திரும்புகிறது. எஞ்சும் நீரும் புரதமும் நிணநீர் நாளங்கள் வழியே சென்று, கழுத்தின் அடியில் சிரைகளுடன் கலக்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் நிணநீர் இவ்வாறு திரும்புவதாகக் கணக்கிடப்படுகிறது. இதயம் போன்ற மையப் பொறி ஏதும் இதற்கு இல்லை. நாளங்களின் சுவர் தானே சுருங்குவதும், தசைகளின் அசைவும், மூச்சும் சேர்ந்து நீரை நகர்த்துகின்றன. பின்னோக்கி வழியாதபடி தடுக்கிதழ்கள் காக்கின்றன.

தொடக்க நிணநீர் நாளங்கள் தோலுக்குச் சற்றே கீழே உள்ளன. எனவே தசையைப் பிசையும் வழக்கமான மசாஜ் இங்குப் பயன்படாது. வோடரின் முறையில் எண்ணெய் பூசுவதில்லை. தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடுகின்றனர். தோல் சிவந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். நிலைவட்டம், இறைப்பு, அள்ளல், சுழற்சி என்னும் நான்கு கையசைவுகளே இதன் அடிப்படை.

சிகிச்சை வீங்கிய இடத்தில் தொடங்குவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கால் வீங்கியிருந்தாலும் முதலில் கழுத்து, பின் வயிறு, தொடையிடுக்கு, அதன் பிறகே கால். மழைநீர் தேங்கிய தெருவில், நீர் போய்ச் சேரும் வடிகாலின் வாயை முதலில் திறந்துவிடுவது போன்ற எளிய பொறியியல் இது.

பாரிஸ் கண்காட்சியும் அதன் பின்னும்

1936ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உடல்நலம், அழகு பற்றிய கண்காட்சியில் வோடர் தன் முறையை முதன்முறையாகப் பொதுவில் அறிமுகம் செய்தார். மருத்துவர்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அழகுக்கலை வல்லுநர்களே விரும்பிக் கற்றனர். இதனால் முகப் பொலிவுக்கான ஒரு நீவல் என்ற பெயரே நெடுங்காலம் நிலைத்தது. பின்னர் கோப்பன்ஹேகனுக்குத் திரும்பிய இணையர், அங்கிருந்தும் ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணம் செய்தும் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தனர்.

1960களில் யோஹானஸ் அஸ்டோங்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் இம்முறையைக் கற்று, பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் சோதித்து, எந்நோய்க்குப் பயன்படும், எந்நோய்க்கு ஆகாது என்று வரையறுத்தார். 1970களில் ஜெர்மனியின் மருத்துவக் காப்பீடுகள் இதற்குப் பணம் வழங்கத் தொடங்கின. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியிலுள்ள வால்ச்சே என்னும் ஊரில் விட்லிங்கர் குடும்பத்தினர் வோடரின் பெயரில் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினர். வோடர் முதுமையிலும் இம்முறையைக் கற்பித்துவந்தார்.

ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய மருத்துவர் மிஹாய் ஃபோல்டி (1920 – 2018) செய்த மாற்றம் முக்கியமானது. நீவலால் வெளியேறிய நீர் மீண்டும் தேங்காமல் இருக்கப் பல அடுக்குக் கட்டுகள், தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி ஆகியவற்றை அவர் இதனுடன் இணைத்தார். லியேஜ் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர் 1892இலேயே நீவலையும் கட்டுப் போடுவதையும் சேர்த்துப் பரிந்துரைத்திருந்தார். அது பின்னர் மறக்கப்பட்டிருந்தது.

இன்றைய பயன்பாடு

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்களுக்குக் கை வீங்குவதுண்டு. யானைக்கால் நோயில் காணப்படும் வீக்கமும் இதே வகையானதே. அங்கு நாளங்களைக் கெடுப்பது ஒட்டுண்ணிப் புழு. இத்தகைய நிணநீர் வீக்கமே இன்று இச்சிகிச்சையின் முதன்மையான களம். முழுமையாகக் குணமாக்க முடியாத இவ்வீக்கத்தைக் கட்டுக்குள் வைப்பதே நோக்கம். சட்டையின் கைக்குள் நுழையாத கை மீண்டும் நுழைவது ஒரு நோயாளிக்குச் சிறிய செய்தி அன்று.

சான்றுகள் அளவானவையே. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கம் பற்றிய ஆறு சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, இம்முறை பாதுகாப்பானது என்றும், அழுத்தக் கட்டுடன் சேர்த்துச் செய்யும்போது மிதமான வீக்கமுள்ளோருக்குக் கூடுதல் பயன் தரக்கூடும் என்றும் கண்டது. கட்டு இல்லாத நீவல் மட்டும் போதும் என்று எண்ணுவது தவறு. உடல் எடை குறையும், நச்சு வெளியேறும் என்று அழகு நிலையங்கள் செய்யும் விளம்பரங்களுக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இடம் மாறுவது நீர்தான், கொழுப்பு அன்று.

வோடர் கழுத்தில் கை வைத்தபோது மருத்துவர்கள் கொண்டிருந்த அச்சம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தோலில் கடுமையான தொற்று உள்ளபோதும், சிரைகளில் குருதி உறைந்துள்ளபோதும், கட்டுப்படாத இதயச் செயலிழப்பின்போதும் இச்சிகிச்சை செய்யப்படுவதில்லை.