செருப்புப் பட்டறையில் ஒரு பிரெஞ்சு அகராதி

1877 ஆம் ஆண்டு. வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, லானிஸ்டம்டுவி என்றொரு சிற்றூர். அங்கே செருப்புப் பட்டறையை ஒட்டிய ஒரு சிறு வீட்டில், 43 வயதுத் தொழிலாளி ஒருவரும், அவருடைய அக்காள் மகனான 14 வயதுச் சிறுவனும் சேர்ந்து பிரெஞ்சு மொழி படித்துக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. ஊரில் அந்த மொழி தெரிந்தவர் ஒருவருமில்லை. பழைய அகராதி ஒன்று, இலக்கண நூல் ஒன்று, ஈசாப் கதைகளின் பிரெஞ்சுப் பதிப்பு ஒன்று — இவ்வளவுதான் கைவசம். மாமன் முதலில் தான் படித்துக்கொள்வார். பிறகு மருமகனுக்குச் சொல்லிக்கொடுப்பார். பகலெல்லாம் தோலும் ஊசியும், இரவில் அகராதி!

எதற்காக இந்தப் பாடு? பாரிசுக்குப் போய் உல்லாசமாய் உலவவா? இல்லை, தோழர்களே! சொலிசிட்டர் என்னும் சட்டத் தொழிலுக்கு நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் இலத்தீன் வேண்டும், இன்னொரு மொழியும் வேண்டும். அந்தச் சிறுவனின் தாய்மொழி வெல்ஷ். அந்த மொழிக்குத் தேர்வுப் பட்டியலில் இடமில்லை. ஆங்கிலமோ அவனுக்குப் பள்ளியில் வந்து சேர்ந்த இரண்டாம் மொழி. அதற்குமேல் இரண்டு அயல் மொழிகளைச் சுமந்தால்தான் வாயிற்கதவு திறக்கும். இலத்தீனை ஊர்ப் பள்ளி ஆசிரியர் டேவிட் எவன்ஸ் கற்றுக்கொடுத்தார். பிரெஞ்சு, மாமன் தலையில் விழுந்தது.

அந்தச் சிறுவன்தான் டேவிட் லாயிட் ஜார்ஜ். பின்னாளில் பிரிட்டனின் நிதியமைச்சர். 1916 முதல் 1922 வரை முதலமைச்சர். அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களில் சொலிசிட்டராய் இருந்தவர் அவர் ஒருவரே. மாமன் பெயர் ரிச்சர்டு லாயிடு.

லாயிட் ஜார்ஜ் பிறந்தது 1863 சனவரி 17 அன்று, மான்செஸ்டரில். தந்தை வில்லியம் ஜார்ஜ் ஒரு பள்ளி ஆசிரியர். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகுமுன்பே, 1864 சூனில், நுரையீரல் காய்ச்சலில் மாண்டுபோனார். விதவையின் கையில் இரு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. செய்தி எட்டியதும் தாய்மாமன் புறப்பட்டு வந்தார். தட்டுமுட்டுச் சாமான்களை விற்று முடித்து, அக்காளையும் குழந்தைகளையும் தன் ஊருக்கு அழைத்துச் சென்றார். தாய்மாமன் என்றால் என்ன பொருள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. வாரம் முழுவதும் செருப்புத் தைத்தார். ஞாயிறன்று ஒரு சிறு கிறித்துவச் சபைக்கு ஊதியம் வாங்காமல் போதகராய் நின்றார். அவர் பட்டறை ஊர் மக்கள் கூடி அரசியலும் சமயமும் பேசுகின்ற மன்றமாய் இருந்தது.

ஊரில் பள்ளி ஒன்றே ஒன்று. அது அரசின் ஆதரவு பெற்ற ஆங்கிலத் திருச்சபையின் பள்ளி. ஊர் மக்களில் பெரும்பாலோர் அந்தச் சபையைச் சேராதவர்கள். ஆனாலும் அவர்கள் பிள்ளைகள் அந்தச் சபையின் மூலமந்திரத்தை மனப்பாடம் செய்து, பெரிய மனிதர்கள் வரும்போது ஒப்பிக்க வேண்டும். ஒருமுறை ஜமீன்தார் எல்லிஸ் நானியும் மற்றப் பெரியவர்களும் பார்வையிட வந்தார்கள். ஆசிரியர் ஆணையிட்டார். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை! முன்பே பேசிவைத்த மறியல் அது. பேசிவைத்தவன் லாயிட் ஜார்ஜ். கடைசியில் ஆசிரியரின் தவிப்பைக் காணப் பொறுக்காமல் ஒப்பிக்கத் தொடங்கியது அவன் தம்பியேதான் என்பது வேடிக்கை. ஜமீன்தாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வருவார்.

இப்படிப்பட்ட பையனுக்கு என்ன வேலை கிடைக்கும்? ஆசிரியர் வேலைக்குப் போகலாம் — திருச்சபைக்குத் தலையசைத்தால். அதற்கு அந்த வீடு இணங்காது. மருத்துவம் அவனுக்கே பிடிக்கவில்லை. மிஞ்சியது சட்டம்.

சட்டத்திலும் இங்கிலாந்தில் இரண்டு வாயில்கள். பாரிஸ்டர் ஒன்று, சொலிசிட்டர் மற்றொன்று. பாரிஸ்டர் என்ற சொல் நமக்கு நன்றாகத் தெரியும். நம் நாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறிப் போய் வாங்கி வந்த பட்டம் அது. லண்டன் சட்ட விடுதிகளில் சேர்ந்து, பருவத்துக்கு இத்தனை விருந்து என்று கணக்குப்படி உண்டு, தேர்வும் எழுதினால் பாரிஸ்டர். உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடும் உரிமை அவர்களுக்கு. சொலிசிட்டர் நிலை வேறு. கட்சிக்காரன் முதலில் வந்து நிற்பது அவனிடம். நிலப் பத்திரம், உயில், கடன், வாடகை, வழக்குக்கு வேண்டிய ஆதாரம் எல்லாம் அவன் கையில். கீழ்நிலைக் கவுண்டி நீதிமன்றங்களில் அவனே வாதாடவும் செய்யலாம். ஏழைக்கு அருகில் இருக்கின்ற சட்டம், சொலிசிட்டர்தான்.

அருகில் இருந்தது என்பதால் அதன் வாயில் அகலமானது என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று தேர்வுகள்: தொடக்கத் தேர்வு, இடைத் தேர்வு, இறுதித் தேர்வு. தொடக்கத்தில் தேறினால் ஒரு சொலிசிட்டரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, 5 ஆண்டு குமாஸ்தாவாய் உழைக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு அரசுக்குக் கட்டும் முத்திரை வரி மட்டும் 80 பவுன்! வேலை கற்றுத்தரும் நிறுவனத்துக்கோ சுமார் 100 பவுன். கூலி வாங்குவதற்கு மாறாகக் காசு கொடுத்து வேலை செய்வது! தேர்வு அறிவைச் சோதிக்கிறது என்பார்கள். முத்திரை வரி எதைச் சோதிக்கிறது? அப்பன் பையைத்தானே! இறந்துபோன ஆசிரியர் விட்டுச்சென்ற சிறு சேமிப்பு அந்தக் குடும்பத்தின் ஒரே தெப்பம். அதைப் பலகை பலகையாய்ப் பிரித்துத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள்.

1877 இறுதியில் லிவர்ப்பூல் நகரில் தொடக்கத் தேர்வு எழுதினான், தேறினான். சில மைல் தொலைவில் போர்ட்மடாக் என்னும் துறைமுக ஊர் — மலையில் வெட்டிய பலகைக் கற்களைக் கப்பலேற்றும் ஊர். அங்கே ஒரு சொலிசிட்டர் நிறுவனத்தில் 1878 சூலையில் வெள்ளோட்டமாய்ச் சேர்ந்தான். 1879 சனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வார நாட்களில் அங்கே தங்கல், ஓய்வு நாளில் வீடு. கடிதம் படியெடுப்பது, வரி வாடகை தண்டுவது, பத்திரம் எழுதுவது — இவைதாம் பாடம். எந்தக் குடியானவன் எந்த நிலக்கிழாருக்கு என்ன கொடுக்கிறான், யார் எதற்காகப் பயப்படுகிறான் என்பதெல்லாம் அந்த அலுவலகத்துக் காகிதங்களில் அவன் கண்முன் விரிந்தன. எந்தச் சட்ட நூலிலும் அது கிடைக்காது.

1881 நவம்பரில் இடைத் தேர்வு எழுதுவதற்காக முதன்முறையாய் லண்டனைப் பார்த்தான். தேர்வு முடிந்த கையோடு பாராளுமன்றத்தைச் சுற்றிப் பார்த்தான். நாடு பிடிக்க வந்த நார்மண்டி வில்லியம், எட்வர்டு மன்னனின் நாட்டை முன்கூட்டியே நோட்டமிட்டதைப் போலத் தானும் அந்த மன்றத்தை நோட்டமிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்தான். செருக்குத்தான், 18 வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு செருக்குக்கூட இல்லாவிட்டால் எப்படி?

1884 இல் இறுதித் தேர்வு. சிறப்புப் பட்டியலில் மூன்றாம் வகுப்பு. அவருக்கு அது ஏமாற்றந்தான். பிறகு அதே வழியில் வந்த தம்பி வில்லியம் முதல் வகுப்புச் சிறப்பு வாங்கினார். உலகம் அண்ணனைத்தான் அறிந்தது. தேர்வுப் பட்டியலைக் கொண்டு மனிதனை எடை போடுவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

தேறிய பிறகும் கையில் காசில்லை. நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கு வேண்டிய அங்கி வாங்கக்கூட வருவாய் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1885 இல் கிரிக்கியத் என்ற ஊரில், குடும்பம் குடியிருந்த வீட்டிலேயே பெயர்ப் பலகை மாட்டினார். நீதிமன்றத்திலோ ஆங்கிலந்தான் மொழி. 16 ஆம் நூற்றாண்டிலேயே சட்டமியற்றி வெல்ஷ் மொழியை வெளியே நிறுத்திவிட்டார்கள். வழக்காடுபவனுக்கு நீதிபதியின் மொழி புரியாது, நீதிபதிக்கு அவன் மொழி புரியாது. அந்த இடத்தில் இரு மொழியும் அறிந்த, அடங்கிப் போகாத ஒரு சொலிசிட்டர் வந்து நின்றால் என்ன ஆகும்?

1888 இல் விடை கிடைத்தது. லான்பிராதன் என்ற ஊரில் ராபர்ட் ராபர்ட்ஸ் என்னும் கல்லுடைக்கும் தொழிலாளி இறந்தார். தன் மகளின் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. அவர் திருச்சபையைச் சேராதவர். 1880 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சபை சேராதவர்களையும் அவரவர் சடங்குப்படி ஊர் மாதாகோயில் மயானத்தில் புதைக்கலாம். பாதிரியார் மறுத்தார். மயானத்தின் அந்தப் பகுதி 1864 இல் ஒரு சீமாட்டி வாய்மொழியாய்க் கொடையளித்தது. சட்டம் வந்த பிறகு, 1881 இல், அதே நிலத்துக்குப் புதிதாய் ஒரு பத்திரம் எழுதி வாங்கியிருந்தார் பாதிரியார் — ஆங்கிலத் திருச்சபைச் சடங்கு மட்டுமே நடக்கலாம் என்ற நிபந்தனையோடு!

குடும்பத்தார் லாயிட் ஜார்ஜிடம் ஓடி வந்தார்கள். அவர் காகிதங்களைப் புரட்டினார். முன்பே கொடுத்துவிட்ட நிலத்துக்கு 17 ஆண்டு கழித்து நிபந்தனை போட எவருக்கு உரிமை? ஊரார் அதைச் சுவரெழுப்பி மயானமாய் ஆண்டு வந்திருக்கிறார்களே! வாயிலை உடைத்துக்கொண்டு போய்ப் புதையுங்கள் என்று அறிவுரை சொன்னார். புதைத்தார்கள். பாதிரியார் அத்துமீறல் வழக்குத் தொடுத்தார். போர்ட்மடாக் கவுண்டி நீதிமன்றத்தில் ஜூரிகள் குடும்பத்தின் பக்கம் நின்றார்கள். நீதிபதியோ ஜூரிகள் சொன்னதைத் தவறாய்க் குறித்துக்கொண்டு பாதிரியாருக்குத் தீர்ப்பளித்தார். விடவில்லை அந்த 25 வயது சொலிசிட்டர். மேல்முறையீடு லண்டனுக்குப் போயிற்று. 1888 டிசம்பரில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு கீழ்த் தீர்ப்பைக் கவிழ்த்தார். ஒரு கல்லுடைக்கும் தொழிலாளியின் ஆறடி நிலம் வேல்ஸ் முழுவதும் பேச்சாயிற்று. முத்திரை வரி 80 பவுனும் அன்றைக்கு வசூலாகிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

1890 ஏப்ரலில் கார்னார்வன் தொகுதியில் இடைத்தேர்தல். லிபரல் கட்சியின் வேட்பாளர் லாயிட் ஜார்ஜ். எதிர்த்து நின்றவர்? அதே ஜமீன்தார், எல்லிஸ் நானி! வாய் திறக்காத பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனவர். வாக்குகள் 1,963, 1,945. வேறுபாடு 18. செருப்புப் பட்டறை பாராளுமன்றத்துக்குப் போயிற்று.

அந்நாளில் பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. அண்ணன் லண்டனில் முழங்க, தம்பி வில்லியம் கிரிக்கியத்தில் வழக்குக் கட்டுகளைச் சுமந்து சம்பாதித்தார். அந்தப் பணத்தில்தான் அண்ணன் குடும்பமும் நடந்தது. ஏழை மன்றத்துக்கு வர முடியாமல் தடுத்த இந்த மதிலைத் தன் வீட்டிலேயே கண்டவர் லாயிட் ஜார்ஜ். 1909 இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பொன்று, தொழிற்சங்கங்கள் தங்கள் பிரதிநிதிகளுக்குச் சங்கப் பணத்திலிருந்து ஊதியம் தருவதையும் தடுத்துவிட்டது. 1911 இல், நிதியமைச்சராய் இருந்த லாயிட் ஜார்ஜ், உறுப்பினருக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் என்று கொண்டுவந்தார். சுரங்கத்திலிருந்தும் ரயில் பாதையிலிருந்தும் வந்தவர்கள் பிறர் தயவின்றி மன்றத்தில் அமர முடிந்தது அதனால்தான்.

மற்றவை ஊரறிந்தவை. 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் ஓய்வுத்தொகை, 1909 சனவரி முதல் நாளிலிருந்து. அதே ஆண்டு, நிலச்சுவான்தார்கள் மீது வரி விதித்த மக்கள் வரவு செலவுத் திட்டம். அதைப் பிரபுக்கள் நிராகரிக்க, 1911 இல் அவர்கள் அதிகாரமே குறுக்கப்பட்டது. அதே 1911 இல் நோய்க் காப்பீடு: தொழிலாளி வாரம் 4 பென்னி, முதலாளி 3, அரசு 2.

குறைகளை மறைக்க நாம் யாருக்கும் குற்றேவல் செய்பவர்களல்ல. போயர் போரை எதிர்த்துப் பேசி, 1901 இல் பர்மிங்காமில் கலகக் கும்பலிடமிருந்து போலீஸ் உடையில் தப்பிய அதே மனிதரின் ஆட்சியில்தான், 1919 இல் ஜாலியன்வாலா பாகில் குருதி ஓடியது. அயர்லாந்தின்மீது 1920 இல் கருப்பு-பழுப்புச் சட்டைக்காரர்களை ஏவியதும் அவர் அரசே. சிறு இனத்தின் மொழியில் வளர்ந்தவர், 1922 இல் இந்தியாவை ஆளும் வெள்ளை அதிகார வர்க்கத்தை எஃகுச் சட்டமென்று போற்றினார். பட்டங்களை விலைக்கு விற்ற ஊழலும் அவர் காலத்துக் கறை. பிரபுக்களைச் சாடியவர், 1945 சனவரியில் தாமே பிரபுப் பட்டம் ஏற்றார். மார்ச் 26 அன்று லானிஸ்டம்டுவியில் உயிர் துறந்தார். டுவைபோர் ஆற்றங்கரையில் ஒரு பெரும் பாறைக்கடியில் புதைத்தார்கள்.

மாமன் ரிச்சர்டு லாயிடு 1917 பிப்ரவரியில், மருமகன் முதலமைச்சராகிச் சில வாரங்களில், கண் மூடினார். தம்பி வில்லியமோ முதுமையிலும் சட்டத் தொழிலை விடாமல், 101 வயது வாழ்ந்து 1967 இல்தான் மறைந்தார்.